பதினோரு வருஷம் அழுத்தாத பட்டன்

படப்பை,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள சசிரேகாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் செவ்வாய்க்கிழமையிலிருந்து எனக்கு மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. இப்போதெல்லாம் போனில் நீயும் நல்லா இருக்கேன் என்பாய், நானும் நல்லா இருக்கேன் என்பேன், பேச்சு முடிந்துவிடும். அதனால்தான் புனேக்கு அனுப்பும் பருப்புப் பொடி பார்சலுக்குள் இதை வைக்கிறேன், பொடிக்கு முன்னால் இதைப் பிரி.

அன்றைக்கு ஷிப்ட் முடிந்து லாக்கரைத் திறந்தால் போனில் உன்னுடைய நாலு மிஸ்டு கால். திருப்பிக் கூப்பிட்டால் கை தவறிப் பட்டுவிட்டது என்கிறாய். ஒரு தடவை கை தவறும், நாலு தடவையா? ஆபீஸில் மேனேஜர் எல்லார் முன்னாலும் கத்துகிறார், காலையில் எழுந்தாலே நெஞ்சு படபடக்கிறது என்று போன மாதம் நீ அழுதபோது நான் என்ன சொன்னேன், பதினோரு வருஷமாகக் கார் கம்பெனி லைனில் நிற்கிறேன், ஒரு நாளாவது அந்த மஞ்சள் பட்டனை அழுத்தியிருக்கிறேனா, பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்று பீற்றிக்கொண்டேன். வேலையில் கோளாறு என்றால் அதை அழுத்தவேண்டும், விளக்கு எரியும், சூப்பர்வைசர் ஓடிவருவார். அழுத்துவது கேவலம் என்று நினைத்தே காலத்தை ஓட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை முழுக்க உன் நினைப்புதான். இரண்டு வயர் கிளிப்பைச் சரியாக மாட்டாமல் விட்டுவிட்டேன், மூன்றாவது நழுவிக் கீழே விழுந்தது, பட்டனை அழுத்திவிட்டேன். லைன் நின்றது, எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. சூப்பர்வைசர் நிலவன், உன் வயசுதான் இருக்கும், இன்னாக்கா, எந்த பார்ட்டு என்று கேட்டுக்கொண்டே வந்தான். பார்ட்டு ஒண்ணும் இல்லப்பா, என்னாலதான் முடியல என்றேன். திட்டப்போகிறான் என்று நின்றேன். அதுக்குத்தானக்கா பட்டனே கீது, போய் உக்காருங்க, நான் பாத்துக்கிறேன் என்று என் இடத்தில் அவனே நின்றுகொண்டான். நான் விட்ட இரண்டு கிளிப்பையும் தேடிப்பிடித்து மாட்டினான். இருபது நிமிஷம் உட்கார்ந்து அழுதேன், தண்ணீர் குடித்தேன், திரும்பப் போய் நின்றேன். அவ்வளவுதான் சசி, ஒன்றும் குடிமுழுகிப் போகவில்லை.

உனக்கு நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்துவிட்டேன். உன் ஆபீஸில் கவுன்சிலர் யாராவது இருந்தால் நாளைக்கே போய்ப் பார், இல்லாவிட்டால் டாக்டரிடம் போ, லீவு கேள். அதுவும் சரிப்படாவிட்டால் கிளம்பி வா, நம் வீட்டில் உனக்கு இடமில்லையா. எதுவானாலும் வெறும் வயிற்றோடு ஆபீஸுக்குப் போகாதே.

நீ நிம்மதியாக இருக்கவேண்டும் என்று அப்பாவும் நானும் உன்னை ஆசீர்வதிக்கிறோம். இந்தத் தாளின் பின்பக்கம் நிலவன் நம்பர் இருக்கிறது, எங்கள் லைனில் அவனிடம் மட்டும்தான் போன் இருக்கும், சொல்லிவைத்திருக்கிறேன். நான் வேலையில் இருக்கும்போது அதில் கூப்பிடு. பட்டனை அழுத்திவிட்டு வந்து பேசுகிறேன்.

உன் அம்மா
கலைமணி