கூட வந்தது யார்?

இன்று காலை அலமாரியின் அடித்தட்டிலிருந்து நம் நோட்டை எடுத்தேன். ஒரு பக்கத்தில் மீன் செதில் ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. இத்தனை வருஷம் ஆகியும் அதன் பளபளப்பு போகவில்லை. ஈரக் கையோடு நோட்டைத் தொடாதே என்று உன்னிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "செதிலுதான டைப்பம்மா, சேறா இன்னா?" என்றபடி நீ புரட்டிக்கொண்டேதான் இருந்தாய். எழுத்து தெரியாவிட்டாலும் யாருடைய பக்கம் எது என்பது உனக்குத் தெரியும்.

அப்போது செங்கல்பட்டில், கோர்ட்டுக்கு எதிர்ச் சந்தில் என் டைப்பிங் இன்ஸ்டிட்யூட் இருந்தது. நீ மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருந்த உங்கள் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு முதல் பஸ்ஸில் வருவாய். கண்டக்டர் தினமும் மூக்கைப் பொத்துவார். "துன்னும்போது மட்டும் மணக்குதா நைனா?" என்று நீயும் தினமும் கேட்பாய். மீன் விற்று முடித்ததும் என் வாசலில் வந்து நிற்பாய். சில நாள் உன் பின்னால் ஒரு மனிதர் நிற்பார். ஒருவருக்குக் கால் இருக்காது, இன்னொருவருக்குக் கண் தெரியாது. கையில் மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பழுப்புக் காகிதம் இருக்கும். உதவித்தொகை மனு நிராகரிக்கப்பட்டது என்று அதில் எழுதியிருக்கும்.

ஊனமுற்றவர்களுக்கு அரசு மாதாமாதம் பணம் கொடுக்க ஆரம்பித்திருந்த காலம் அது. கிடைக்காதவர் மேலதிகாரியிடம் அப்பீல் செய்யலாம். அவர் நேரில் கூப்பிட்டு விசாரிப்பார். அந்த அப்பீல்களை நான் இங்கிலீஷில் டைப் செய்துகொடுத்தேன். ஒரு எழுத்து தப்பினாலும் தாளைக் கிழித்துவிட்டு முதலிலிருந்து அடிப்பேன். கான்வென்டில் என்னை அப்படித்தான் வளர்த்திருந்தார்கள். பெயர், ஊர், ஊனம், இணைத்த சான்றிதழ், முடிவு என்று ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு நோட்டிலும் பதிந்துவைத்தேன்.

ஏழு பேருக்கு அடித்துக்கொடுத்தேன். ஜெயித்தவர்கள் இரண்டே பேர். என் இங்கிலீஷுக்கு இப்படி ஒரு மார்க்கா என்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

எட்டாவதாக உன் தம்பி ஏழுமலை வந்தான். அலையில் கட்டுமரம் புரண்டு, மரங்களுக்கு நடுவே சிக்கிய வலது கையை ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள். இடது கையில் இரண்டு விரல்தான் மடங்கும். ஆனால் விசாரிக்க வந்தவர் குப்பத்துக்குப் போன அன்று அவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று, மற்றவர்கள் கட்டுமரத்தைக் கரையேற்றுவதற்குக் கட்டளை போட்டுக்கொண்டிருந்தானாம். வேலை செய்ய முடியுமா என்று கேட்டதற்கு, "கடல்ல எனக்குத் தெரியாதது இன்னா சார் கீது?" என்றானாம். 'உழைக்கத் தகுதியுள்ளவர்' என்று காகிதம் வந்துவிட்டது.

அன்று நீ சிரிக்கவில்லை. என் பெஞ்சில் உட்கார்ந்து சொன்னாய்: "எங்கூட்லதான் துன்றான், டைப்பம்மா. ஆனா ரெண்டாந்தபா சோறு கேக்க மாட்றான். பசியோடயே எந்திரிச்சிப் போறான். அவன் துட்டுன்னு ஒண்ணு வந்தாத்தான் வயிறாரத் துன்னுவான்."

அந்த அப்பீலைத் தோற்கவிடக் கூடாது என்று நோட்டை எடுத்து ஏழு பக்கத்தையும் உனக்குப் படித்துக்காட்டினேன். தோற்றவர்களில் ஒருவருக்கு இரண்டு காலும் இல்லை. ஜெயித்த பஜார் பாய்க்கு ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். இதில் என்ன நியாயம் என்று கேட்டேன். நீ வெற்றிலையை ஓரமாக ஒதுக்கிக்கொண்டு யோசித்தாய்.

"பாய் கூட அவங்கம்மா வந்தாங்க இல்ல? கேட்டதுக்கெல்லாம் அந்தம்மாதான பதில் சொல்லிச்சி? இன்னொருத்தன் கெலிச்சானே, அவன் பொண்டாட்டிய இட்டுனு போனான். மத்த அஞ்சி பேரும் ஆம்பள சிங்கம். வெளுத்த சட்ட போட்டுக்கினு, எண்ண தடவி சீவிக்கினு, தனியா போயி 'நல்லாக்கீறேன் சார்'னு சொல்லிட்டு வந்தானுங்க."

அதிகாரி முன்னால் போவதென்றால் கல்யாணத்துக்குப் போவது போலப் போவதும், எப்படி இருக்கிறாய் என்றால் குறை சொல்லாமல் இருப்பதும் நம் ஊர் மரியாதை. அந்த மரியாதைதான் அவர்களைத் தோற்கடித்திருக்கிறது. என் நோட்டில் அதற்கு இடமே இல்லை. ஸ்கேலை எடுத்து ஓரத்தில் இன்னொரு கோடு போட்டு, 'கூட வந்தது யார்?' என்று எழுதினேன்.

ஏழுமலை மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. "அக்கா வந்தா நான் வரல. ஊருக்கு முன்னாடி என்னை கையில்லாதவன்னு ஏலம் போடும்" என்றான். கடைசியில், வாயைத் திறக்க மாட்டேன் என்று எல்லையம்மன் மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் உன்னைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

விசாரணை நாளில் நான் ஆபீஸ் வாசலில் காத்துக்கொண்டு நிற்கிறேன். உங்களைக் காணவில்லை. பேரைக் கூப்பிட்டு முடித்து, அடுத்த ஆளும் போய் வந்த பிறகு ஓடி வருகிறீர்கள். அவன் மேல் இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டை. கையில்லாததே தெரியவில்லை! எனக்கு அழுகையே வந்துவிட்டது. மூவருமாக உள்ளே போனோம்.

"ஏன் லேட்?" என்றார் அதிகாரி.

"பஸ் லேட்டு சார்" என்றான் ஏழுமலை.

"அந்த பஸ்ஸில்தான் என் கிளார்க் வந்தார். சரியான நேரத்துக்கு வந்தாரே?"

நீ பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாய். ஆனால் செய்யாத குற்றத்துக்குப் பஸ் திட்டு வாங்குவதை உன்னால் பொறுக்க முடியவில்லை.

"பஸ்ஸு இன்னா சார் பண்ணிச்சி? இவன் காலரு பேஜாருலதான் மொத பஸ்ஸு பூட்ச்சி!"

"கோணலாத்தான் இருந்திச்சி சார்!" ஏழுமலை பாய்ந்தான். "மூணு வாட்டி சொன்னேன். ஒரு பட்டனைக் கூட ஒழுங்கா போடாது இது. வேட்டியையும் சும்மா சுத்திவுட்டுடும்!"

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பட்டன் போட்டது அவங்களா?"

"பின்ன யாரு? தெனம் இதுதான்..." என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான்.

"சாப்பாடு?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார்.

"அத்த அவன்கிட்டயே கேளு சார்" என்றாய்.

அவன் தரையைப் பார்த்தபடி சொன்னான்: "அக்காதான் பெசஞ்சி உருண்ட புடிச்சி வெக்கும். எடுத்துத் துன்னுக்குவேன்."

அதிகாரி எழுந்து வந்து, முழுக்கையைத் தானே மேலே மடித்துப் பார்த்தார். பிறகு வெகுநேரம் எழுதினார்.

வெளியே வந்ததும் அவன் உன் மேல் எரிந்து விழுந்தான். "வாயத் தொறக்க மாட்டேன்னு அம்மன் மேல சத்தியம் பண்ணியே!"

"காலரப் பத்திப் பேசனன். கையப் பத்தி ஒரு வார்த்த பேசனனாடா?"

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. அம்மனும் சிரித்திருப்பாள்.

உத்தரவு வந்தது. பணமும் வந்தது. ஒரு நாள் கூடை இல்லாமல் வெறுங்கையோடு என் வாசலுக்கு ஓடி வந்தாய். இன்ஸ்டிட்யூட் பிள்ளைகள் எல்லோரும் மெஷினை நிறுத்திவிட்டு உன்னைப் பார்த்தார்கள். "டைப்பம்மா, நேத்து ரெண்டாந்தபா சோறு கேட்டான்! கொழம்புல உப்பு கம்மின்னு வேற சொல்றான்!" என்று சொல்லிவிட்டுப் படியில் உட்கார்ந்து அழுதாய். நானும் அழுதேன். பாடம் அன்று அத்தோடு முடிந்தது.

அதற்குப் பிறகு உன்னோடு வந்தவர்கள் யாரும் தனியாக விசாரணைக்குப் போகவில்லை. சில அப்பீல்களில் தோற்றோம். ஆனால் நோட்டை மூடியபோது தோற்றவர்களை விட ஜெயித்தவர்களே அதிகம். என் இங்கிலீஷ் முதல் நாள் இருந்த அதே இங்கிலீஷ்தான். கடைசிவரை உன்னிடம் இதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

என் வீட்டுக்காரர் போன பிறகு எனக்கும் முழங்காலும் விரல்களும் மக்கர் செய்கின்றன. போன மாதம் ஊனச் சர்டிபிகேட்டுக்காக ஆஸ்பத்திரிக்குப் போனேன். தனியாகப் போகவில்லை, மருமகளைக் கூட்டிக்கொண்டுதான் போனேன். அந்தச் சின்ன வயது டாக்டர், "உங்க வேலையை நீங்களே செஞ்சுக்கறீங்களாம்மா?" என்று கேட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து ஆமாம் என்று சொல்லத்தான் வாய் திறந்தேன். வந்தது வேறு.

"புடவை கட்டிவிடுவது இவள்தான் டாக்டர். கொசுவம் எப்படி வைத்திருக்கிறாள், நீங்களே பாருங்கள்."