பேச்சில்லாத வீட்டுக்கு முதல் தட்டு

அக்கா,

அன்றைக்கு யார் யார் இருந்தார்கள் என்று சொல்கிறேன், ஒருத்தர் விட்டுப்போனாலும் கேள். தகரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நீ, உன் வீட்டுக்காரர், வெற்றிலை இடித்துக்கொண்டு நம் மாமியார், புதுச் சட்டையில் உன் மகன் ஸ்டீபன். இந்தப் பக்கம் நான், கிழிந்த வலையோடு மல்லுக்கட்டிய என் வீட்டுக்காரர், என் இடுப்பில் என் மகன் ஜெரோம். ஒரே வீட்டை இரண்டாக்கி அண்ணன் குடும்பமும் தம்பி குடும்பமும் இருந்த ராயபுரம் வீடு. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள்.

இப்போது என் கையில் ஒரு சீப்பு இருக்கிறது. மருமகள் ஜெனி வண்ணாரப்பேட்டையில் வாங்கியது. கிறிஸ்துமஸ் கல்கல் மாவை இதன் பல்லில் அழுத்திச் சுருட்டினால் சிப்பிபோல வரி விழுமே, அதற்காக. பண்டிகை முடிந்தது. பல்லிடுக்கில் காய்ந்த மாவை ஊக்கால் குத்தி எடுக்க உட்கார்ந்தேன். தேங்காய்ப்பால் வாடை இன்னும் போகவில்லை. அந்த வாடையில் நீ வந்துவிட்டாய்.

நமக்கு அப்போது பேச்சு இல்லை. தவக்காலத்தில் தண்ணீர் லாரி வந்த அன்று தொடங்கியது. என் குடத்தை நீ நகர்த்தினாய், அது போகட்டும். "உங்கம்மா வளர்த்த லட்சணம் அப்புடி" என்றாய். அந்த ஒரு வார்த்தைக்காக டிசம்பர் வரைக்கும் உன் முகத்தைப் பார்க்காமல் ஒரே வாசலில் கோலம் போட்டேன்.

அன்று மாலை ஸ்டீபன் தடுப்பைச் சுற்றிக்கொண்டு வந்தான். கையில் வாழையிலை போட்ட தட்டு, நிறையக் கல்கல், இன்னும் சூடாக.

"சித்தி, அம்மா உன்னாண்ட பேசமாட்டாங்களாம். இத்த துன்ன சொன்னாங்கோ."

உனக்குக் கேட்கட்டும் என்றே சத்தமாகச் சொன்னேன். "நானும் யாரையும் பேச சொல்லல. சக்கரையே காணோம் இதுல."

தகரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து உன் குரல். "மொதல்ல துன்னுட்டு பேச சொல்லுடா அவள!"

நம் மாமியார் வெற்றிலை இடிப்பதை நிறுத்திவிட்டு, "ரெண்டு பேரும் பேசிகினுதான்டி கீறீங்க, அத்த நேரா பேசி தொலைங்கடி" என்றார். உன் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. நான் ஸ்டீபனை மடியில் உட்காரவைத்து, அவனுக்கு இடியாப்பமும் பாலும் கொடுத்துத்தான் அனுப்பினேன்.

அடுத்த வருஷம் நீ அதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டாய். கிறிஸ்துமஸ் பலகாரத்தில் முதல் தட்டு, கோயிலுக்குப் போவதற்கு முன்னால், நம் வாயில் படுவதற்கு முன்னால், அந்த வருஷம் எந்த வீட்டோடு பேச்சில்லையோ அந்த வீட்டுக்கு. பிள்ளைகள்தான் கொண்டுபோக வேண்டும். அங்கே உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு வர வேண்டும். பெரியவர்கள் பேச்சு ஒன்றையும் அங்கே கொண்டுபோகவும் கூடாது, அங்கிருந்து கொண்டுவரவும் கூடாது.

"நாம சண்டைய வுடமாட்டோம், எனக்கு தெரியும்," என்றாய். "அதுக்காவ நம்ம புள்ளைங்க ஒரு வூட்டு வாசல மறந்துறக் கூடாது."

எத்தனை தட்டு போனது! காசிமேட்டு மீன் சந்தையில் என் இடத்தில் கூடையை இறக்கிய அமலாவுக்கு மூன்று கிறிஸ்துமஸ் தொடர்ந்து போனது. அவள் பிள்ளைகளும் ஜெரோமும் அதற்குள் தோஸ்துகளாகிவிட்டார்கள், நானும் அவளும் மட்டும் மீன் செதில் பறக்கத் திட்டிக்கொண்டிருந்தோம். சண்டையே இல்லாத ஒரு வருஷம் நீ தவித்த தவிப்பு இருக்கிறதே! "இன்னாடி, ஒருத்தரும் இல்லியா? யோசிச்சு பாருடி!" கடைசியில் தண்டையார்பேட்டையில் எவளோ பழைய கோபக்காரியைத் தேடிப் பிடித்தோம்.

இந்த வருஷம் தேட வேண்டியிருக்கவில்லை.

ஸ்டீபன் உன்னை மணலிக்குக் கூட்டிப்போனபோதே எனக்குப் பிடிக்கவில்லை. அவனுக்கு அங்கே லாரி ஆபீஸில் வேலை, உனக்கும் வயசாகிவிட்டது, சரி என்று வாயை மூடிக்கொண்டேன். ஆனால் நீ கண்ணை மூடிய அன்று அவன் எனக்குச் சொல்லவில்லை. நம் தெருவுக்கு உன்னைக் கொண்டுவரவில்லை. மண் போட்டு முடித்த பிறகுதான் ஜெரோமுக்குப் போன் வந்தது. நான் போனை வாங்கிக் கேட்டேன்.

"உனுக்கு முட்டி வலி, அலைய வேணாம்னுதான் சித்தி..."

"முட்டி வலிக்காரி மூஞ்சி பாக்கக் கூடாதாடா?"

போனை ஜெரோம் கையில் திணித்தேன். அதற்குப் பிறகு அவனோடு ஒரு சொல் இல்லை.

டிசம்பர் வந்தது. ஜெனி போனை நீட்டினாள். "அத்தே, புள்ளைங்களுக்குன்னு நம்ம வூட்ல ஒரு பழக்கம் ஆரம்பிக்கலாம். பாருங்க, குடும்பமே ஒரே மாதிரி டிரஸ்ஸு."

"பேண்டு வாத்தியக்காரங்க மாதிரி கீது" என்றேன்.

பேத்தி ஷெரின் மாவு உருட்டியபடியே சொன்னாள். "நம்மகிட்டதான் தட்டு கீதே ஆயா. இந்த வாட்டி மொதல் தட்டு யாருக்கு?"

எல்லார் கையும் நின்றது. அவளுக்கும் தெரியும். அவள் தம்பி கெவினுக்கே தெரியும். ஜெரோம்தான் மெதுவாகச் சொன்னான். "அம்மா, இந்த வருசம் வுட்டுடலாம்மா. பெரியம்மாவே இல்ல."

எனக்கு வந்ததே கோபம். "பெரியம்மா இல்லன்னா பழக்கமும் பூடுமா? அவ இருந்தப்ப என்னை கேட்டா ஆரம்பிச்சா?"

நானே தட்டை எடுத்தேன். உடைந்தது ஒன்றையும் வைக்கவில்லை, கருகியது ஒன்றையும் வைக்கவில்லை. சர்க்கரையை என் கையாலேயே தூவினேன். ஜெரோம் பிள்ளைகளை வண்டியில் மணலிக்குக் கூட்டிப்போய்த் தெருமுனையில் இறக்கிவிட்டு நின்றான். வீட்டில் நான் எதையும் வாயில் போடவில்லை. ஸ்டீபன் கதவைத் திறக்காமல் போனால் என்ன ஆகும் என்று ஜெனிதான் பயந்தாள். நான் பயப்படவில்லை. அந்தத் தட்டைப் பார்த்துக் கதவைச் சாத்துகிறவனை நீ வளர்க்கவில்லை.

இருட்டுவதற்குள் வந்துவிட்டார்கள், வயிறு புடைக்க. "எனுக்கு ரெண்டு முட்டை ஆயா!" என்றான் கெவின். உன் படத்துக்குச் சீரியல் பல்பு போட்டிருக்கிறதாம். அங்கே உன் பேத்தி, ஸ்டீபன் மகள், நம் ஷெரினுக்குத் தலை பின்னி விட்டிருக்கிறாள். பொங்கல் லீவுக்கு இங்கே வருகிறாளாம், அதையும் பேசி முடித்துவிட்டார்கள் இருவரும், யாரையும் கேட்காமல். வரட்டும். பாய் விரித்து வைப்பேன்.

பிறகு ஷெரின் என் பக்கத்தில் வந்து நின்றாள். முகம் மாறியிருந்தது. "ஆயா, தட்ட வாங்கினு பெரியப்பா அழுதாரு. உன்னாண்ட சொல்ல சொல்லி இன்னா சொன்னார்னா..."

"சொல்லாத."

"ஆயா, ஒரே ஒரு வார்த்ததான்..."

"பேச்சு கொண்டாரக் கூடாது. உங்க பெரிய ஆயா சட்டம் அது."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்விட்டாள். அந்த வார்த்தை அவள் வயிற்றிலேயே இருக்கிறது. நான் கேட்கப்போவதில்லை. உன் சட்டத்தை உன் மகனுக்காக நான் தளர்த்தவில்லை, நீயாக இருந்தாலும் தளர்த்தியிருக்க மாட்டாய்.

ஆனால் ஒன்று பார்த்தாயா, மணலிக்குப் போகும் வழி இப்போது என் பேரப்பிள்ளைகளுக்குத் தெரியும். எந்தக் கதவு, எந்த மாடி, எல்லாம் தெரியும். அடுத்த டிசம்பரிலும் முதல் தட்டு அங்கேதான் போகும். நான் போன பிறகு யாருக்கு என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நீ எனக்கு விட்டுப்போனதை நான் அவர்களுக்குக் கைமாற்றிவிட்டேன், அதில் ஒரு குறை சொல்ல முடியாது உன்னால்.

குடத்தை நகர்த்தியதற்கும் என் அம்மாவைப் பேசியதற்கும் உன்னை எப்போதோ மன்னித்துவிட்டேன். அமலாவையும் மன்னித்தேன், அவள் வீட்டுக் கல்யாணத்தில் எனக்கு முதல் பந்தியில் இடம் பிடித்து வைத்திருந்தாள். எல்லாக் கணக்கும் தீர்ந்தது. உன் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க விடாதவனை மட்டும் முடியாது அக்கா, தட்டு வருஷா வருஷம் போகட்டும், அவன் பெண் வந்து என் மடியிலேயே தூங்கட்டும், ஆனாலும் முடியாது. ஸ்டீபனை.