கிட்டாருக்குள் நான் ஒட்டிய இரும்புத் தகடு

அன்புள்ள சேகர் மச்சான்,

பாடி பஸ் ஸ்டாப்பில் நின்ற நீ நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்து, எங்களை விட்டுப் போய் ஏழு மாதம் ஆகிறது. பூந்தமல்லி ரோட்டில் நீ தினமும் திட்டிக்கொண்டே கடப்பாயே, மெட்ரோ வேலைக்கு வைத்த அந்தத் தகரத் தடுப்புகளை எடுத்துவிட்டார்கள். போன வாரம் என் தங்கச்சி கல்பனா, பாரிவாக்கம் உங்கள் வீட்டிலிருந்து உன் கிட்டாரைத் தூக்கிக்கொண்டு அம்பத்தூருக்கு என்னிடம் வந்தாள்.

"ஊடு ரொம்ப அமைதியா கீதுண்ணா. இத்த மீட்டுனா டொப்பு டொப்புன்னு கேக்குது. பழையபடி ஆக்கிக் குடு. பாப்பா வாசிச்சா நான் கேட்டுகினு இருப்பேன்," என்றாள்.

எனக்குக் கிட்டார் தெரியாது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் இரும்போடு மாரடித்தவன். ஆனால் எதையும் பிரிப்பதற்கு முன் முழுசாகப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். ஞாயிற்றுக்கிழமை காலை கம்பிகளைக் கழற்றிவிட்டு, மேல்பலகையை விரலால் தட்டிக்கொண்டே போனேன். ஓரங்களில் கணீரென்று கேட்டது. கம்பிகளைப் பிடித்திருக்கும் பிரிட்ஜ் பக்கம் வந்ததும் செங்கல்லைத் தட்டியது போல இருந்தது. செல்போன் லைட்டைப் போட்டு, துளை வழியாகச் சின்னக் கண்ணாடியை விட்டுப் பார்த்தேன்.

எவ்வளவு மெல்லிய பலகை மச்சான் அது! அடியில் பெருக்கல் குறி மாதிரி இரண்டு குச்சிகள், சுற்றிலும் சின்னச் சின்னக் குச்சிகள். கம்பிகளின் இழுவையையும் தாங்க வேண்டும், பலகை அதிரவும் வேண்டும் என்று யாரோ யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள். அதற்கு நடுவில் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது, நான்கு வருஷத்துக்கு முன் நான் ஒட்டிய இரும்புத் தகடு. அதன் ஓரத்தோடு பலகை விரிசல் விட்டிருந்தது.

பிரிட்ஜ் பலகையை விட்டுத் தூக்கிக்கொண்டு வருகிறது என்று அன்றைக்கு நீ காட்டினாய். நான் உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தகடு வெட்டி, போல்ட் போட்டு, இரும்பை ஒட்டுகிற பசையை அப்பினேன். "ஜென்மத்துக்கும் அசையாது மச்சான்," என்று பெருமையடித்தேன். "சூப்பர் மச்சான்," என்றாய்.

பூந்தமல்லியில் கிட்டார் பழுதுபார்ப்பவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். அவரும் லைட் அடித்து உள்ளே பார்த்தார்.

"மரப்பசைன்னா பதமா சூடு காட்டிப் பிரிச்சிடலாம் சார். இது குச்சிங்களையும் சேத்துப் புடிச்சிகினு கீது. இழுத்தா பலகையே பிச்சிகினு வந்துடும். யார் சார் இத்த ஒட்டுனது?"

கிட்டாரை வாங்கிக்கொண்டு கிளம்பினேன். வேறொருவரிடமும் காட்டினேன். அவரும் கையை விரித்துவிட்டார்.

கல்பனாவிடம் "மரம் பழசாயிடுச்சும்மா, உளுத்துப்போச்சு," என்று பொய் சொன்னேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

"எனுக்குத் தெரியும்ணா. நீ ஒட்டுன அன்னிக்கே சவுண்டு செத்துப்போச்சாம். அவருதான் 'உங்கண்ணன்கிட்ட சொல்லிடாத, ஆசையா செஞ்சி குடுத்துகிறான்'னுட்டாரு. போட்ட நீயே எடுத்துடுவேன்னுதான் உன்கிட்ட எடுத்தாந்தேன்."

ஏன் மச்சான் சொல்லவில்லை? அன்றே சொல்லியிருந்தால் பசை காய்வதற்குள் பிடுங்கியிருப்பேனே. நான்கு வருஷம் என் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து, செத்த சத்தத்தை வைத்துக்கொண்டு சிரித்த முகமாக வாசித்தாய். நான் வேறு முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினேன். என்னை ஒரு வார்த்தை திட்டியிருக்கக் கூடாதா? இனி யார் வந்து திட்டப்போகிறார்கள்?

இதற்கு மேல் வழியில்லை மச்சான். கல்பனா கிட்டாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனபோது அழக்கூட இல்லை.

என்னால் தர முடிந்தது ஒரு வாக்குதான். அப்பா கிட்டார் ஏன் இப்படிக் கேட்கிறது என்று உன் மகள் ஒருநாள் என்னைக் கேட்பாள். மரம் பழசு என்று சொல்ல மாட்டேன். உன் மாமன் கெடுத்தான், உன் அப்பா அதை அவனிடம் சொல்லாமலே போய்விட்டார் என்று சொல்வேன்.

இப்படிக்கு,
நீ கடைசிவரை திட்டாமல் விட்ட உன் மச்சான்,
தேவராஜ்