பிஸ்கட்டின் வால்முடி

ஜூலை 8

லோர்ன் ப்ரூவிட் ஒரு திருடன். மீனை ஏமாற்றத் தூண்டில் முள்ளில் நான் கட்டிய பொய் ஈக்குத் தன் பெயரை வைத்து, நான் வேலை பார்க்கும் அவன் தூண்டில் கடையின் கண்ணாடிப் பெட்டியில் அட்டையும் எழுதி வைத்திருக்கிறான்: “ப்ரூவிட்டின் பெருமை.” இந்த ஆற்றில் ஈக்குப் பெயர் வைப்பது பிள்ளைக்குப் பெயர் வைப்பது மாதிரி. கட்டியவர்தான் வைக்க வேண்டும். அது அவனுக்கும் தெரியும்.

கேட்டேன். “கடை யாரோடது, வில்லா?” என்றான்.

முள் கடையுடையது, நூல் கடையுடையது. சரி. மூளை?

ஜூலை 9

மூளையும் கடையுடையதாம். வேலை நேரத்தில்தானே யோசித்தேன் என்கிறான்!

ஜூலை 12

ஊதாக் கம்பளியில் உடம்பு, அதன் மேல் வெள்ளி ஜரிகைச் சுற்று, கழுத்தில் ஆரஞ்சுச் சாயமேற்றிய சேவல் இறகு. இதையெல்லாம் எவனும் கட்டுவான். விஷயம் சிறகில்தான் இருக்கிறது. மான் வால்முடியில் கட்டினால் தண்ணீரில் துடைப்பம் மாதிரி விறைத்து நிற்கும். என் ஈயின் சிறகு மூச்சு விடும். ஏனென்றால் அது பக்கத்து வீட்டு ஓடெலின் நாய், பிஸ்கட்டின் வால்முடி. அடிமுடியைச் சீவி எறிந்துவிட்டு, நுனிகளைத் தட்டிச் சமப்படுத்தி, தீக்குச்சிப் பருமனுக்கு மட்டும் வைத்துக் கட்ட வேண்டும். கூடினால் கெட்டது.

கடலிலிருந்து ஏறி வரும் கோடை ஸ்டீல்ஹெட் மீன் பசிக்குக் கடிப்பதில்லை. எரிச்சலில் கடிக்கிறது என்பது என் கட்சி. எரிச்சலூட்டுவது எனக்கு நன்றாக வரும்.

இது எந்த முடி என்று லோர்ன் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஜூலை 15

“அலாஸ்காவுல நானே சுட்ட நரி. அதோட வால்,” என்று வாடிக்கையாளர்களிடம் அளக்கிறான். அலாஸ்காவாம்! பக்கத்து ஊருக்குப் போவதற்கே நாள் முழுக்க முனகுகிறவன்.

ஜூலை 19

ஓடெல் வெட்டிய மரங்களை ஏற்றும் லாரி ஓட்டுகிறவன். வேலையிலிருந்து வந்ததும் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்துக் கத்தினான்.

“என் நாயை மொட்டையடிச்சிட்டியேடி, வாயாடி! அது வெளிய தலை காட்ட மாட்டேங்குது.”

“தலையில எங்க கை வச்சேன்? வால்தானே.”

“வாலை ஆட்டித்தானேடி அது ஊர்ல பேர் வாங்குச்சு!”

ஜூலை 23

மீன் ஈயைத் தொட்டது. உடனே தூண்டில் கோலைத் தூக்கிவிட்டேன். போச்சு. முட்டாள், முட்டாள். மீன் கவ்வித் திரும்பி, தானே நூலை இழுக்கும்வரை கை சும்மா இருக்க வேண்டும்.

என் கை என்றைக்குச் சும்மா இருந்தது?

ஜூலை 27

சிரித்துச் சிரித்து விலா வலிக்கிறது — எழுதவே முடியவில்லை.

கடை நிறைய போர்ட்லாண்டிலிருந்து வந்த கூட்டம். லோர்ன் தன் கதையில் அலாஸ்காப் பனியில் தவழ்ந்து நரியைக் குறி பார்த்துக்கொண்டிருந்தான். அந்த நேரம் பார்த்து ஓடெல் தூண்டில் நூல்கண்டு வாங்க வந்தான், பிஸ்கட்டோடு. அது நேராகக் கண்ணாடிப் பெட்டிக்குப் போய், பாதி மொட்டையாக இருந்த வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. ஒரு அம்மாள் வாலைப் பார்த்தாள். ஈயைப் பார்த்தாள். மறுபடி வால்.

“உங்க நரி உயிரோட வந்திருக்கு, மிஸ்டர் ப்ரூவிட்.”

லோர்னின் முகம் வறுத்த இறால் நிறமாகிவிட்டது. அவன் ஒழிந்தான் என்று நினைத்தேன். நடந்தது வேறு. “அந்த நாய் ஈ எனக்கு!” “எனக்கும்!” என்று ஒரே தள்ளுமுள்ளு. ஈ வைத்திருந்த தட்டு காலி.

ஜூலை 29

இன்று கை சும்மா இருந்தது. மீன் இழுத்தது, நூல் சுற்றிய ரீல் கத்தியது, நானும் கத்தினேன். இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி முள்ளைக் கழற்றி அதை ஆற்றிலேயே விட்டேன். அதன் வாயோரத்தில் இருந்தது என் ஈ. என்னுடையது.

ஆகஸ்ட் 2

அட்டையை மாற்றிவிட்டான். இப்போது பெயர் “பிஸ்கட்.” பக்கத்தில் நாயின் புகைப்படம் வேறு. நாய்க்கு நியாயம் கிடைத்துவிட்டது. கட்டினவளுக்கு? அவள் பெயர் எழுத மட்டும் அட்டையில் இடம் இல்லையா?

“அடுத்த வாரத்துக்கு ஈ எங்க, வில்லா? ஆளுங்க கேக்கறாங்க.”

“‘கட்டியவர் வில்லா ஹாஸ்கெட்’னு கீழ எழுதுங்க. எழுதுற வரைக்கும் முடி என் வீட்டுலதான் இருக்கும்.”

அவன் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டான். மணி அடிக்கவே இல்லை.

பேனாவை அவன் பக்கம் தள்ளினேன்.

“எழுதுங்க, லோர்ன்.”