பிள்ளையின் காதும் என் பிறசரும்

நவம்பர் 9, ஞாயிறு

விடியவே மழை. சாரதி எனக்கு இன்று பஸ் ஓட்டம் இல்லை. பின் ரயர் பார்க்க வேண்டும். வாங்க: வெங்காயம், தேங்காயெண்ணெய்.

மகள் மதுசா விடுதியிலிருந்து வந்திருக்கிறாள், இரத்த அழுத்தம் பார்க்கும் இரவல் பிறசர் மெசினோடு. தாதியர் பயிற்சி, இரண்டாம் வருடம். பிறசர் பார்க்கும் சோதனையில் போனமுறை கோட்டைவிட்டாள். மிஸ் அளந்ததும் இவள் அளந்ததும் ஒத்து வரவில்லை. வியாழன் மறுசோதனை. அதிலும் விட்டால் கீழ் வகுப்போடு சேர்த்துவிடுவார்களாம். ஓ.எல். மூன்று தரம் எடுத்த எனக்கு இதெல்லாம் சாதாரணம். அவளுக்கு இல்லை.

பழக ஒரு கை வேண்டுமாம். என் கை. பட்டி சுற்றி, காற்றடித்து, காதில் குழாய் வைத்துக் கேட்டாள். 170க்கு 100.

"அப்பா, பிறசருக்குக் குளிசை போடுறனீங்கள்தானே?"

"ஓம் பிள்ளை."

"அப்ப ஏன் இவ்வளவு?"

"நீ பட்டியை வடிவாச் சுத்தேல்லை. திரும்பப் பார்."

திரும்பவும் பார்த்தாள். 172.

நவ. 10, திங்கள்

மழை விட்டது. பண்டத்தரிப்பு – யாழ்ப்பாணம், நான்கு நடை. பின் ரயர் பார்த்தாயிற்று.

இந்தக் கொப்பிக்கு மட்டும் உண்மை. ஆடியோடு குளிசையை விட்டுவிட்டேன். போட்டால் அரை மணிக்கொரு தரம் ஒன்றுக்கு வரும். பஸ்ஸில் நாற்பது சனம், சாரதி நான் பனங்கூடலுக்குள். சண்டிலிப்பாயில் ஒருநாள் ஒரு ரீச்சர் கேட்டா: "வேலிக்கு வேலி பஸ் ஹோல்ட்டோ அண்ணை?" அன்றோடு நிறுத்தம். கிளினிக் நாளில் வீட்டிலிருந்து வெளிக்கிட்டு, பஸ் ஸ்டாண்டில் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவேன். பெரிய கெட்டிக்காரன்.

பின்னேரம் மறுபடி கை. எனக்கு 168. அவளின் தாய்க்கு, என் மனுசிக்கு, 120.

"அம்மாவுக்குச் சரியா வருது. உங்களுக்குத்தான் பிழைக்குது."

"என்ரை கை மொத்தம், பட்டி காணாது."

மனுசி: "தலைதான் மொத்தம்."

சிரித்தது நான் மட்டும்.

நவ. 11, செவ்வாய்

தாய்க்கும் இன்று பிழைத்தது. முதலில் 120, பிறகு 140, பிறகு ஒன்றுமில்லை. பிள்ளை தன் காதையே நம்பாமல் திரும்பத் திரும்பக் காற்றடித்தாள்.

"காதிலை ஒண்டும் விழேல்லை அம்மா. நான் வியாழன் போகமாட்டன். நாளைக்கு ஆருக்கோ உப்பிடிப் பிழையாப் பாத்து, அந்தச் சீவன் செத்தா?"

மெசினை மூடிவிட்டாள். மனுசி என் பக்கம் திரும்பி, "நீங்களாவது ஏதும் சொல்லுங்கோவன்."

ரயர் பார்க்க வேண்டும் என்று குடையை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

நவ. 12, புதன்

லீவு. எழும்பியதும் சொல்வதாக இருந்தேன். சவரம் செய்தேன். முற்றம் கூட்டினேன். பஸ் கழுவினேன். பதினொரு மணிக்கு, குசினியில், சொன்னேன்.

மதுசா ஏசவில்லை. வார்ட்டில் கேட்பதுபோல் கேட்டாள்.

"எப்ப விட்டனீங்கள்?"

"ஆடியிலை."

"தலையிடி?"

"இடைக்கிடை."

"கண் மங்குறதோ?"

"சாதுவா, கொஞ்சம்."

"அதோடையோ நாப்பது சனத்தை ஏத்திக்கொண்டு ஓடுறியள்?"

கையை நீட்டினேன். பட்டி. காற்று. 174க்கு 104.

"இப்ப சொல்லுங்கோ. ஆற்றை பிழை?"

"என்ரை."

"மூண்டு நாளா என்ரை காதைத்தான் பிழை எண்டு நினைச்சன் அப்பா."

அதற்குப் பிறகு தாயின் கையைப் பிடித்தாள். 120. மீண்டும் 120. பின்னேரம் விடுதிக்கு வெளிக்கிட்டாள். படலையடியில்: "நாளைக்கு கிளினிக். அம்மாவும் வருவா."

நவ. 13, வியாழன்

கிளினிக். நம்பர் 61. பக்கத்தில் மனுசி, கிளினிக் கொப்பி அவள் மடியில். ஒன்பது மணிக்குப் பிள்ளைக்குச் சோதனை. நான் எட்டிலிருந்து மணி பார்க்கிறேன்.

டொக்டர் அளந்தார். கொப்பியில் எழுதினார். குளிசை விட்ட காரணத்தைச் சொன்னேன். "ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா வேறை குளிசை தந்திருப்பன் ஐயா. அது ஒண்டுக்கு இழுக்காது." நாலு மாதம் ஒளித்த விசயம், நாலு வரியில் முடிந்தது. பிறசர் இறங்கும்வரை பஸ் ஓடக்கூடாது.

மருந்து வரிசையில் நிற்கப் போன் வந்தது.

"அப்பா, பாஸ். மிஸ்ஸுக்கும் எனக்கும் ஒரே கணக்கு."

பக்கத்தில் நின்ற மனுசிக்குச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவள், "உங்களுக்கு எவ்வளவு?"

நூற்றைம்பது என்று வாய்வரை வந்தது. "நூற்றி எண்பது" என்றேன்.

"கீழை?"

சொல்லுமுன் மனுசி போனைப் பறித்து, கொப்பியைப் பார்த்துத் தானே வாசித்தாள்.