சாவித்துளையில் இறங்கிய பனி

ஹெல்சிங்கி,
11 டிசம்பர் 1983

அன்புள்ள தைமி அண்ணிக்கு,

ரெய்னோ எழுதுவது. பத்திரமாக வந்து சேர்ந்தேன். நீங்கள் கட்டிக்கொடுத்த கறுப்பு ரொட்டி வரும் வழியிலேயே தீர்ந்துவிட்டது.

அண்ணனை அடக்கம் செய்த அன்று உங்கள் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குத் தெம்பில்லை. போலீஸ்காரரிடம் சொன்னதை உங்களுக்கும் எழுதிவிடுகிறேன். ஓடை வந்து ஏரியில் கலக்கும் இடத்தில் பனிக்கட்டி மெல்லிசு. அங்கே உடைந்து அண்ணன் மார்பளவு தண்ணீரில் விழுந்திருக்கிறார். தானே ஏறி, நனைந்த உடுப்போடு என் கார் வரைக்கும் நடந்திருக்கிறார். நான் ஏரியின் மறுகோடியில் பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டில் இறக்கிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் ஈரப்பனி பெய்ததல்லவா, அது சாவித்துளைக்குள் இறங்கி உறைந்துவிட்டது. கதவு திறக்கவில்லை. கம்பளியும் காப்பி பிளாஸ்க்கும் உள்ளே இருக்க, பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தோரு டிகிரியில் அவர் வெளியே கிடந்தார்.

பூட்டு உறைந்ததற்கு யார் என்ன செய்ய முடியும், அண்ணி?

உங்கள் தம்பி,
ரெய்னோ


கெமியார்வி,
8 ஜனவரி 1984

அன்புத் தம்பி ரெய்னோவுக்கு,

அண்ணி எழுதுவது. ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா? அடக்கத்தன்று அந்தக் கோட்டுக்குள் ஆள் இருந்ததாகவே தெரியவில்லை. இங்கே புதுவருடம் வந்தது, போனது. காப்பிக்கு இரண்டு கோப்பை எடுத்து வைத்துவிட்டு, ஒன்றைத் திரும்ப உள்ளே வைக்கிறேன். தினமும் இதே கூத்துதான்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள் நான். பூட்டு உறைவதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. சாவியில் ஸ்பிரிட் தடவுவேன், குழல் வைத்து ஊதுவேன். அவசரத்தில் வெந்நீரை ஊற்றி, அதுவும் உறைந்து, முன்னைவிட இறுகிப்போய் முழித்த புத்திசாலிகளையும் பார்த்திருக்கிறேன். ஆனால் பூட்டாத கதவில் பூட்டு உறைந்தால் சாவிதான் நுழையாது. கைப்பிடியை இழுத்து, தோளால் ஒரு இடி இடித்தால் கதவு வந்துவிடும். அதனால்தானே இந்தப் பக்கம் குளிர்காலத்தில் யாரும் காரைப் பூட்டுவதில்லை? வழியில் மாட்டிக்கொண்டவர் எந்த வண்டியிலும் ஏறி உட்கார்ந்துகொள்ளலாம். நீயும் இங்கே பிறந்து வளர்ந்தவன்தான்.

கதவு பூட்டியிருந்ததா, ரெய்னோ?

உன் அண்ணி,
தைமி


ஹெல்சிங்கி,
5 பிப்ரவரி 1984

அன்புள்ள அண்ணிக்கு,

மூன்று கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். ஆமாம், பூட்டியிருந்தேன்.

கண்ணுக்கெட்டிய தூரம் ஆள் நடமாட்டம் இல்லாத ஏரிக்கரையில் காரைப் பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். இங்கே பன்னிரண்டு வருடம் இருந்து கை பழகிவிட்டது. அண்ணன் சிரித்தார். “பூட்டாதடா. எவன் வரப்போறான் திருட? கரடியா? அதுவும் தூங்கப் போயிருச்சு” என்றார். நான் கேட்கவில்லை.

எப்படி வேண்டுமானாலும் திட்டுங்கள். கடிதத்தை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். அண்ணனும் போன பிறகு, சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்க உங்களை விட்டால் எனக்கு யாரும் இல்லை.

ரெய்னோ


கெமியார்வி,
18 மார்ச் 1984

அன்புத் தம்பிக்கு,

பதில் எழுத ஆறு வாரம் ஆகிவிட்டது. முதல் இரண்டு வாரம் உன்னைச் சபித்தேன், மறைப்பானேன். வண்டியில் பிள்ளைகள் இருப்பதைக்கூட மறந்து வாய்விட்டுச் சபித்தேன். பின்னால் இருந்த ஒரு வாண்டு, “டிரைவரம்மா, யாரைத் திட்டுறீங்க?” என்று கேட்டது. அதற்குப் பிறகு கொஞ்சம் ஆறியது. கை பழகிப் பூட்டிவிட்டாய். வேண்டுமென்றா செய்தாய்? மன்னித்துவிட்டேன். ஜூனில் நடுக்கோடைத் திருநாளுக்கு வந்துவிடு. சவுனா நீராவி அறையைச் சூடாக்கி வைக்கிறேன். நாம் இரண்டு பேரும் உட்கார்ந்து அழுது தீர்க்கலாம்.

இன்னும் ஒன்றுதான் தொண்டையில் நிற்கிறது. அவர் கையில் பனிக்கட்டி உடைக்கிற கடப்பாரை இருந்தது. கார்க் கண்ணாடி அதற்கு எம்மாத்திரம்? ஆனால் நீ அவரைக் கொண்டுவந்தபோது நான் பார்த்தேன். எல்லாக் கண்ணாடியும் முழுசாக இருந்தது. அவர் ஏன் உடைக்கவில்லை? நினைவு தப்பிவிட்டதா? ஆமாம் என்று ஒரு வரி எழுதிப்போடு. நம்பிவிடுகிறேன்.

உன் அண்ணி,
தைமி


ஹெல்சிங்கி,
22 ஏப்ரல் 1984

அன்புள்ள அண்ணிக்கு,

அந்த ஒரு வரியை எழுதத்தான் உட்கார்ந்தேன். முடியவில்லை.

அன்று காலை உங்கள் வாசலில் அண்ணன் கடப்பாரையைக் காரில் ஏற்றும்போது அது கதவில் லேசாக உரசியது. “பாத்து வைங்கண்ணே! வண்டி எடுத்து மூணு வாரம்கூட ஆகல” என்று கத்தினேன். அவர், “சரிங்க துரை” என்று தன் கழுத்துத் துண்டை அவிழ்த்துக் கதவைத் துடைத்துவிட்டார்.

நான் கரைக்கு வந்தபோது அவருக்கு உயிர் இருந்தது, அண்ணி. பேச்சும் இருந்தது. கதவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். உடுப்பு பலகையாய் விறைத்திருந்தது. மடியில் கடப்பாரை. பையிலிருந்து சாவியை எடுத்துப் போட்டேன், நுழையவில்லை. லைட்டரில் சாவியைக் காய்ச்சினேன். பாதியில் நின்றது. வாய் வைத்து ஊதினேன், உதடு இரும்பில் ஒட்டித் தோல் பிய்ந்து வந்தது. திரும்பத் திரும்பக் காய்ச்சினேன். கால்மணி நேரம் போயிருக்கும்.

நடுவில் ஒருமுறை கடப்பாரையைக் கையில் எடுத்தேன். அண்ணன் தலையை ஆட்டினார். “வேண்டாண்டா, புது வண்டி. இன்னொரு தடவ காய்ச்சிப் பாரு, தொறந்துரும். எனக்கு ஒண்ணுமில்ல. இப்ப குளிரவே இல்ல” என்றார்.

விறைத்துப்போனவர் குளிரவில்லை என்று சொன்னால் உயிர் பிரியப்போகிறது என்று நம் ஊரில் குழந்தைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டுச் சாவியைக் காய்ச்சினேன். கதவு திறந்தது. ஊர்ப் பாலம் வருவதற்குள் அண்ணன் போய்விட்டார்.

ஜூனில் நான் வரலாமா?

ரெய்னோ


கெமியார்வி,
27 மே 1984

ரெய்னோ,

கடிதம் கிடைத்தது. ஏரி உருகிவிட்டது. ஜூனில் வர வேண்டாம். பிறகும் வேண்டாம். இதற்குப் பதிலும் எழுதாதே.

அவர் அப்படித்தான் சொல்லியிருப்பார். என் மனுஷனை எனக்குத் தெரியாதா? உன் மனம் நோகக் கூடாது என்று சாகக் கிடக்கும்போதும் பார்த்திருப்பார். ஆனால் அவர் சொன்ன எதை நீ கேட்டாய்? தெற்கே போகாதே என்றார், போனாய். அப்பா கிடையாகக் கிடக்கிறார், ஒரு எட்டு வந்து பார் என்றார், வரவில்லை. காரைப் பூட்டாதே என்றார், பூட்டினாய்.

ஆயுசில் ஒரே ஒரு தடவை அண்ணன் பேச்சைக் கேட்டாயே, பாவி, அது இதற்குத்தானா?

தைமி