சுடாத ஊதாச் சுடர்

இன்று வெள்ளவத்தையில் போட்டோக்கொப்பிக் கடையில் நின்றபோது அந்த வாசனை வந்தது. பழைய இயந்திரம் சூடேறி ஓடும்போது வரும், மூக்கின் உள்ளே மெல்லக் குத்தும் ஓசோன் வாசனை. "மணக்குதா?" என்று கேட்கத் திரும்பினேன். நீ இல்லாமல் ஒரு மழைக்காலமே போய்விட்டது. ஆனாலும் என் கழுத்து முதலில் உன் பக்கம்தான் திரும்புகிறது.

அதே வாசனையை நாம் முதலில் முகர்ந்தது களனியில், பல்கலைக்கழகத் திறந்த நாளன்று. மேசையில் பென்சில் பருமனில் ஒரு கண்ணாடிக் குழாய். அதனூடாக ஈலியம் வாயு ஓடியது. குழாயைச் சுற்றியிருந்த செப்பு வளையங்களுக்கு வானொலி அலையின் மீடிறனில், ஒரு செக்கனுக்குள் எண்ண முடியாத தடவை திசை மாறும் மின்சாரம் போனது. குழாயின் வாயில் ஊதா நிறத்தில் ஒரு பிளாஸ்மாச் சுடர். மெழுகுதிரிச் சுடர் அளவுதான், ஆனால் நடுங்கவில்லை.

செய்துகாட்டிய அக்கா, "ஆராவது விரல் வைச்சுப் பாக்கிறீங்களா?" என்றார். நான் கையைப் பைக்குப் பின்னால் ஒளித்தேன். நீ விரலை நீட்டினாய்.

"சுடேல்லையடி. ஆரோ ஊதுற மாதிரி இருக்கு. நீயும் வையன்."

"நான் இதைப் பற்றி வாசிச்சிட்டு வைக்கிறன்."

"நீ வாசிச்சு முடிக்க ஈலியம் முடிஞ்சிடும்."

பிறகு அக்கா எங்களை விலகி நிற்கச் சொல்லிவிட்டு மின்வலுவைக் கூட்டினார். பரந்திருந்த ஒளி ஒரே கோடாகச் சுருங்கிக் கிறீச்சிட்டது. உடனே குறைத்தார். "இப்ப கை வைச்சா சுட்டிருக்கும்" என்றார். "அதுக்கும் கோவம் வருது" என்றாய் நீ.

திரும்பி வந்த பஸ்ஸில் எனக்கு ஒரே சந்தேகம். இலத்திரன்கள் அவ்வளவு சூடாம், வாயு மட்டும் எப்படிக் குளிர்ந்திருக்கும்? கண்டக்டர் "இஸ்ஸரஹட்ட யன்ட" என்று எல்லோரையும் முன்னுக்குத் தள்ளிக்கொண்டிருந்தார். நீ சிரித்தாய்.

"இவர் முன்னுக்கு எண்டு கத்தி, ஆக்கள் கால் எடுக்க முதலே பின்னுக்கு எண்டு கத்தினா? மரக்கறிப் பையோட நிக்கிற அன்ரிமார் அசையமாட்டினம். சின்னனுகள்தான் அங்கயும் இங்கயும் ஓடி எல்லாரையும் இடிக்கும். அன்ரிமார் வாயு, சின்னனுகள் இலத்திரன். அதுகளுக்குத்தான் வேர்க்கும், அன்ரிமாருக்கு ஒண்டுமில்லை."

பக்கத்தில் நின்ற அன்ரி, "எனக்கு வேர்க்கேல்லை எண்டு ஆர் பிள்ளை சொன்னது?" என்றார். கொட்டாஞ்சேனையில் நீ இறங்கும்வரை சிரித்தோம்.

பாடசாலைகளுக்கிடையிலான விஞ்ஞானப் போட்டிக்கு இதையே எடுத்தோம். பேச்சு என்னுடையது, கேள்விகளுக்குப் பதில் உன்னுடையது. அதற்கு முன் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன நீ திரும்பி வரவில்லை.

"போட்டியில இருந்து பேரை எடுத்திடுவம் பிள்ளை, ஒருத்தரும் குறை சொல்லமாட்டினம்" என்றார் மிஸ்.

"இல்லை மிஸ், நான் பேசிறன்."

"கேள்விக்கு?"

"அதுவும் நான்தான்."

எடுத்திருந்தால் உன் பெயரும் சேர்ந்தல்லவா போயிருக்கும்.

பேச்சு நன்றாகவே போனது. நடுவர் கேட்டார், நான் பஸ்ஸில் கேட்ட அதே கேள்வியை. புத்தகத்தில் இருந்ததை ஒப்புவித்தேன். "விளங்கேல்லை. உங்கட சொல்லில சொல்லுங்கோ" என்றார். உன் கதிரை எனக்குப் பக்கத்தில் வெறுமையாக இருந்தது.

"சேர் பஸ்ஸில போறனீங்களா?" என்று கேட்டேன்.

மண்டபம் சிரித்தது. அன்ரிமாரையும் சின்னனுகளையும் அப்படியே சொன்னேன். பிறகு, உன் கதையில் இல்லாத ஒன்றையும் சேர்த்தேன்: "ஒரு அன்ரி தனக்கும் வேர்க்குது எண்டவ, சேர். அதுவும் சரிதான். வாயுவும் கொஞ்சம் சூடாகும். வலுவைக் கூட்டினா நல்லாச் சூடாகிச் சுடர் சுருங்கும், பிறகு விரலைச் சுடும்."

முதலிடம் வேறு பாடசாலைக்குப் போனது. இரண்டாமிடத்துக்கு நம் இருவர் பெயரையும் வாசித்தார்கள். உன் பெயருக்கும் நான்தான் எழுந்து நின்றேன்.

போன மாதம் மறுபடி திறந்த நாள். அக்கா என்னை மறந்திருந்தார். "ஆராவது விரல் வைச்சுப் பாக்கிறீங்களா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் நீட்டிவிட்டேன். இன்று கடையில் பிரதிகளை வாங்கும்போதும் அந்த விரல் நுனியில் அது இருந்தது. நீ சொன்னது சரிதான்.

ஆரோ ஊதுற மாதிரித்தான் இருக்கு.